மே மாதத்தில் குளிர்ந்த தண்ணீர்

அத்தியாயம் 6

இதனால் செம்பாக்கம் கமலவல்லி நகர் வாழ் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியான முக்கியத்துவம் வாய்ந்த நாள், வருகிற ஜூன் மாதத்து இரண்டாவது ஞாயிறு. அன்று காலை பத்து மணிக்கு, நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் திரு. சுப்ரமணியன் அவர்களின் இல்லம் ‘மின்சிக்கன மாதிரி இல்லம்’ என்று, அதே சங்கத்தின் அதே தலைவரால் பிரகடனம் செய்யப்படும். வடையும் காபியும் உண்டு.

பிரகடனத்துக்கு ஒரே ஒரு தடங்கல். மாதிரி இல்லத்தின் மீட்டர் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு நானூறு யூனிட்டோடு அடக்கமாக நின்ற வீடு, இந்த முறை எண்ணூறைத் தாண்டியது. வேறு யாராவது என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பார்கள். சுப்ரமணியன் திருடியைக் கண்டுபிடித்தார். பெயர் அமலராணி. பின் போர்ஷனில் மூன்று வருஷமாகக் குடியிருப்பவள், இட்லி மாவு அரைத்து விற்பவள். மே முப்பத்தொன்றுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ‘மின் திருட்டு: விழிப்புடன் இருப்போம்’ என்று ஒரு பதிவும் போட்டாயிற்று. நாற்பத்தேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். குற்றவாளி தயார், தண்டனை தயார். ஆதாரம்தான் பாக்கி.

அதற்காகத்தான் தசரதன் வரவழைக்கப்பட்டார்.

தசரதனுக்கு வயது ஐம்பத்து நான்கு. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ‘தசரதன் துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டி, இருபது வருஷம் மாப்பிள்ளைகளைப் பின்தொடர்ந்தவர். குடிப்பானா, வேறு குடும்பம் இருக்கிறதா என்பதையெல்லாம் இப்போது கல்யாணப் பெண்ணே போனில் நோண்டித் தெரிந்துகொள்வதால் தொழில் படுத்தது. ஐந்து நாள் பயிற்சி வகுப்பு, ஒரு சான்றிதழ், பலகையில் ஒரு வரி கூடுதல்: ‘வீட்டு மின் தணிக்கையும் செய்யப்படும்.’ மாப்பிள்ளையானாலும் மின்சாரமானாலும் கேள்வி ஒன்றுதானே. வீட்டுக்குத் தெரியாமல் எங்கே போகிறது?

உதவியாளர் ஜீவிதா. கூடுவாஞ்சேரிக்காரி, முப்பது வயது, ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவள். உண்மையில் வேலை தெரிந்தவள் அவள்தான். டெஸ்டரைக் காதோரம் செருகிக்கொள்வாள். வாய்க்கு மட்டும் ஃப்யூஸ் போடவில்லை.

மே இருபதாம் தேதி, வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி. தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில். வாசலில் கிரானைட்டில் செதுக்கியிருந்தது: ‘ஒரு சொட்டு நீரும் ஒரு யூனிட் மின்சாரமும் வீணாகாத இல்லம்.’

“சார், இங்க தூசி கூட பர்மிஷன் வாங்கினுதான் உக்காரும் போல கீது,” என்றாள் ஜீவிதா.

“உள்ளே வந்து பேசாதே.”

“பேசாம இருக்கத் தனியா சார்ஜ் பண்ணுவேன் சார்.”

சுப்ரமணியன் கதவைத் திறந்தார். அறுபத்தேழு வயது, இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, கையில் ஒரு டைரி. அரசாங்கத்தில் எதற்கோ துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கு என்பது அவருக்கு மட்டும் மறக்கவில்லை.

“வாங்க மிஸ்டர் தசரதன். ஐ ஆம் எ மேன் ஆஃப் டேட்டா. டெய்லி காலைல ஆறு மணிக்கு மீட்டர் ரீடிங் எடுக்கறேன். பதினோரு வருஷமா ஒரு நாள் மிஸ் ஆனதில்ல. முன்னாடியெல்லாம் ஒரு நாளைக்கு ஏழு யூனிட். மார்ச் கடைசிலேர்ந்து பதினெட்டு, பத்தொன்பது. பின் போர்ஷனுக்கு சப் மீட்டர் வச்சிருக்கேன். அதுல எப்பவும் போலத்தான் ஏறுது. அப்போ என்ன அர்த்தம்? சப் மீட்டருக்கு முன்னாடியே கொக்கி போடறா.”

“பாத்துடலாம் சார்.”

பார்த்தார்கள். ஏ.சி. இருபத்தேழு டிகிரியில் இருந்தது, வடிகட்டி சுத்தம். எல்லா பல்பும் எல்.இ.டி. டி.வி.யின் பிளக்கையே பிடுங்கி வைத்திருந்தார். ஃபிரிட்ஜ் சுவரிலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளி நின்றது. கதவு ரப்பர் இறுக்கமா என்று பார்க்க ஜீவிதா ஒரு காகிதத்தை இடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தாள். காகிதம் கிழிந்தது, ரப்பர் விடவில்லை.

“சார், ஃபிரிட்ஜ் கூட ஓனர் மாதிரியே. குடுத்தா திரும்பி வராது,” என்று கிசுகிசுத்தாள்.

“நான்தான் சொன்னேனே, என் சைட்ல இஷ்யூவே இல்ல,” என்றார் சுப்ரமணியன். “மொட்டை மாடி ஃபுல்லா வெள்ளை பெயிண்ட் அடிச்சிருக்கேன். ஒரு ஃப்ளோர் முழுக்க கூல். சயின்ஸ். சரி, பின்னாடி போகலாமா? போன செவ்வாய்க்கிழமை காலைல பதினொரு மணிக்கு அவ மெயினை நானே ஆஃப் பண்ணேன். பதினொண்ணு அஞ்சுக்கு மீட்டர்ல அந்த சிவப்பு லைட் அப்படியே தூங்கிடுச்சு. வாட் மோர் ப்ரூஃப் யூ வாண்ட்?”

மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு உண்டு. மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு வேகமாகக் கண் சிமிட்டும்.

“ஒரே ஒரு தடவை பாத்தா அது டேட்டா இல்ல சார், தரிசனம்,” என்றார் தசரதன். “இன்னொரு தடவை பண்ணிப் பாப்போம்.”

ஜீவிதா பின் போர்ஷன் மெயினை அணைத்தாள். சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சுப்ரமணியனின் மெயினையும் அணைத்தாள். வீடு முழுக்க விசிறிகள் சோர்ந்து நின்றன. சிவப்பு விளக்கு மட்டும் கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு முறை, கூச்சமில்லாமல், கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

“பாத்தீங்களா!” சுப்ரமணியன் ஏறக்குறைய கைதட்டிவிட்டார். “ரெண்டு மெயினும் ஆஃப். இருந்தும் ஓடுது. எங்கயோ பூமிக்கடியில ஒயர் போட்டிருக்கா. நான் போலீஸ்ல சொல்லவா?”

“முதல்ல ஒயரைக் கண்டுபிடிப்போம் சார்.”

பின் போர்ஷன் என்பது ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அமலராணி வாசலில் நின்றிருந்தாள். நாற்பது வயது. மாவு காய்ந்த கைகளைப் புடவையில் துடைத்தபடி, வருகிறவர்களை எதிர்கொள்ளாமலும் விலகாமலும் ஓர் ஓரமாக நின்றாள். பதினைந்து நாளாகத் திருடி என்று பெயர் வாங்கியவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள்.

“தேடிக்கோங்க சார். கட்டில் அடில, பானைல, எல்லாத்துலயும் பாருங்க. கரண்ட்டு ஒளிச்சு வச்சா எங்க வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.”

சுப்ரமணியன் உள்ளே வரவில்லை. குற்றம் நடந்த இடத்தில் கால் வைத்தால் செருப்பு கெட்டுவிடும் என்பதுபோல் வெளியிலேயே நின்றார்.

ஜீவிதா சுவரைத் தட்டினாள், ஸ்விட்ச் பெட்டிகளைக் கழற்றினாள். ஒரு கிரைண்டர், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு விசிறி, இரண்டு விளக்கு. எல்லாம் சப் மீட்டர் வழியாக, ஒழுங்காக. கொக்கியும் இல்லை, கள்ள ஒயரும் இல்லை.

“கிரைண்டர் எவ்ளோ நேரம் ஓடும்க்கா?”

“காலைல மூணு மணி நேரம்மா. அதுக்கு வர்ற கரண்ட்டு காச அப்டியே குடுத்துகினுதான் கீறேன். எங்க ஊட்டுக்காரரு கோவளத்துல அவங்க அண்ணன் படகுல போறாரு, வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. இந்த நாலு தெருவுல நாப்பது வூட்டுக்கு மாவு குடுக்கறேன். அதான் எங்க சோறு.” சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “காலி பண்ணச் சொன்னா பண்ணிடலாம் சார். திருடின்னு பேரோட போனா எவன் வூடு குடுப்பான்? திருடி கையால அரைச்ச மாவ எவ வாங்குவா? ஏற்கெனவே பதினோரு வூட்ல வேணாம்னுட்டாங்க.”

சங்கடமான நேரங்களில் தசரதன் கை கழுவுவார். குழாயைத் திறந்தார்.

கையை நீட்டியவர் நீட்டியபடியே நின்றார்.

“மணி என்ன ஜீவிதா?”

“ஒண்ணே முக்கால்.”

“இங்க வா. கையை நீட்டு.”

நீட்டினாள்.

“என்னா சார் இது, சில்லுனு கீது?”

“தண்ணி மட்டும் இந்த வூட்ல சூப்பர் சார்,” என்றாள் அமலராணி, ஏதோ தன் வீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கிடைத்த சந்தோஷத்தில். “இந்த வெயிலு முழுக்க இப்டித்தான். போன வருசம் கை வெந்துடும்.”

சென்னையில் பிறந்த எவரும் மே மாத மதியத்தில் மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீரை நம்பிக் கை நீட்ட மாட்டார். பக்கெட்டில் காலையிலேயே பிடித்து வைத்துக்கொள்வார். தசரதன் வெளியே வந்தார்.

“சார், உங்க வீட்டுல தண்ணி மதியத்துல ஏன் குளிர்ச்சியா இருக்கு?”

சுப்ரமணியனின் மார்பு ஓர் அங்குலம் விரிந்தது. “நான்தான் சொன்னேனே. வெள்ளை பெயிண்ட். சயின்ஸ்.”

“பெயிண்ட் எப்ப அடிச்சீங்க?”

“ரெண்டு வருஷம் ஆச்சு.”

“போன வருஷம் கை வெந்ததுன்னு அந்தம்மா சொல்றாங்களே?”

“அவ ஆயிரம் சொல்வா.”

தசரதன் ஜீவிதாவைப் பார்த்தார். அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். கேட் திறக்கிற சத்தம், குழாய் திறக்கிற சத்தம், பிறகு “ஐயோ அம்மா!” என்று ஓர் அலறல். தொடர்ந்து பக்கத்து வீட்டம்மாவின் குரல்: “ரெண்டு மணி வெயில்ல பைப்பத் தொறக்கறியே, ஊருக்குப் புதுசா நீ?”

ஜீவிதா கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தாள். “அந்த வூட்டு மாடிலயும் வெள்ளை பெயிண்ட்டுதான் சார். ஆனா பைப்புல டீ போடலாம்.”

தசரதன் காம்பவுண்டைச் சுற்றி நடந்தார். பக்கவாட்டில், போர்வெல்லிலிருந்து நாலடி தள்ளி, மழைநீர் சேகரிப்புக் குழி. மேலே சிமெண்ட் பலகை. ஜனவரிக்குப் பிறகு ஒரு தூறல் இல்லை. செம்பாக்கம் ஏரியே ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்தது. குழியைச் சுற்றி மட்டும் சேம்பு இலைகள் யானைக் காது அகலத்துக்குப் பச்சையாக நின்றன.

“பலகையைத் தூக்கு.”

இருவரும் தூக்கினார்கள். உள்ளே தண்ணீர். தண்ணீர் ஓரத்தில், செங்கல்லின் மேல், கொழுத்த ஒரு தவளை. மேலிருந்து வந்த ஒரு பிளாஸ்டிக் குழாய் அதன் தலைக்குப் பக்கத்தில் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

“மே மாசத்துல தவளை!” என்றாள் ஜீவிதா. “வாக்குமூலம் குடுக்க ரெடியா உக்காந்துகினு கீது சார்.”

“இந்தக் குழாய் எங்கேர்ந்து வருது சார்?”

“ஓவர்ஹெட் டேங்க்கோட ஓவர்ஃப்ளோ,” என்றார் சுப்ரமணியன். “என்னோட ஐடியா. எல்லார் வீட்டுலயும் தொட்டி வழிஞ்சா ரோட்டுல கொட்டும். நான் நேரா குழியில விட்டேன். ஒரு சொட்டு கூட...”

வாக்கியம் பாதியில் நின்றது. குழாய் நிற்கவில்லை.

“மோட்டார் ஸ்விட்ச் எங்க சார்?”

“அது ஆட்டோ. தொட்டி நிறைஞ்சா தானே நின்னுடும். நான் மனுஷங்கள நம்பறதில்ல மிஸ்டர் தசரதன், ஆட்டோமேஷனைத்தான் நம்பறேன். அவ இஷ்டத்துக்குப் போடக்கூடாதுன்னு பூட்டி வச்சிருக்கேன்.”

“சாவி?”

சாவி இடுப்பில் இருந்தது. அதை எடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. மாடிப்படிக்கு அடியில் இரும்புப் பெட்டி. இந்த மோட்டாருக்கு மீட்டரிலிருந்து தனி லைன், இரண்டு மெயினிலும் சேராதது. பெட்டியைத் திறந்ததும் உள்ளே ஒரு பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. போர்வெல்லுக்குள் நூற்றைம்பது அடி ஆழத்தில் கிடக்கும் மோட்டார், ஓடினாலும் சத்தம் வெளியே வராது.

ஜீவிதா நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தாள்.

“தூங்கிடுச்சு சார்!”

அதன்பின் பெட்டிக்குள் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். “‘ஒரு மணி நேரம் ஓட்டம், ஒரு மணி நேரம் ஓய்வு.’ போன செவ்வாய் பதினொரு மணிக்கு ஓனர் அக்காவோட மெயினை அணைச்சாரு பாருங்க, அப்போ மோட்டாரு ரெஸ்ட்டு எடுக்கப் போயிருக்கு. அதுக்கு அக்கா திருடி.”

மொட்டை மாடியில் தொட்டி மூடியைத் திறந்ததும் மிச்சமும் தெரிந்தது. தண்ணீர் நிறைந்துவிட்டது என்று சொல்லவேண்டிய கம்பிகள் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு அப்பி, வெள்ளைச் சட்டை போட்டுத் தொங்கின. தண்ணீருக்குள் முழுகி நின்றும் அவற்றுக்கு ஈரம் தெரியவில்லை. தொட்டி காலி, தொட்டி காலி என்று இரண்டு மாதமாக மோட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

“பூமியிலேர்ந்து தண்ணி மேல வருது,” என்றார் தசரதன். “தொட்டி வழிஞ்சு குழிக்குப் போகுது. குழியிலேர்ந்து மறுபடி பூமிக்கு. அங்கேர்ந்து மறுபடி மேல. சூடாக நேரமே கிடைக்கல. ரோட்டுல கொட்டியிருந்தா முதல் நாளே தெருக்காரங்க கத்தியிருப்பாங்க சார். ஒரு சொட்டு வெளிய தெரியாம நீங்க பாத்துக்கிட்டீங்க.”

சுப்ரமணியன் டைரியைப் புரட்டினார். எந்தப் பக்கத்திலும் உதவி இல்லை. டைரியை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ரிப்போர்ட் கிளையண்ட்கிட்ட மட்டும்தானே தருவீங்க?”

“நிச்சயமா. அது தொழில் தர்மம்.” தசரதன் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்தார். பலகையும் சான்றிதழும் உள்ளவர்களுக்கு இந்த நிமிர்வு தானாக வரும்.

“குட். அமலராணிகிட்ட நானே சொல்லிக்கறேன். அதுக்கு ஒரு முறை இருக்கு. மோட்டார் ஆன்லயே இருக்கட்டும், தண்ணி வேணுமில்ல. ஆள் வந்து கம்பியை சுத்தம் பண்ணட்டும்.”

கேட்டருகில் அமலராணி நின்றிருந்தாள். “இன்னா சார் ஆச்சு?”

“ரிப்போர்ட் வரும்மா. சார் சொல்லுவாரு.”

ஜீவிதாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. “நீ திருடலக்கா. மோட்டாருதான்.”

“நான் திருடலன்னு எனக்குத் தெரியும்மா,” என்றாள் அமலராணி. “தெருவுக்குத் தெரியணும்.”

திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் ஜீவிதா ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரை பேசவில்லை. தசரதன் அதற்குத் தனியாக எதுவும் தரவேண்டியிருக்கவில்லை.

கம்பியைச் சுத்தம் செய்ய ஆள் கிடைக்கவில்லை என்றார் சுப்ரமணியன். மே இருபத்தைந்தாம் தேதி தசரதன் போன் செய்தபோதும் கிடைக்கவில்லை, இருபத்தொன்பதாம் தேதியும் கிடைக்கவில்லை. அமலராணியிடம் சொல்லவேண்டியதைச் சொல்லவும் சரியான நேரம் கிடைக்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி காலை ஒரு குட்டியானை வண்டியில் கிரைண்டர், ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் ஏறின. தெருவில் ஜன்னல்கள் திறந்திருந்தன. ஜூன் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு, கம்பியைச் சுத்தம் செய்ய ஆள் கிடைத்தார்.

ஜீவிதா அமலராணிக்குப் போன் செய்தாள். கூடுவாஞ்சேரிக்கு உள்ளே ஒரே ஓர் அறை என்றாள் அமலராணி. “இங்க கிரைண்டர் போடக்கூடாதாம்மா. இந்த வூட்டுக்காரரு செம்பாக்கத்துக்குப் போன் போட்டு விசாரிச்சாராம்.”

இரண்டாவது ஞாயிறு, சங்கக் கூடம். நூறு நாற்காலி, எண்பது பேர். திரையில் சுப்ரமணியன் ஒரு படம் காட்டினார். இரண்டே தூண்கள். மே மாதம், ஒரு நாளைக்குப் பத்தொன்பது யூனிட்: உயரமான சிவப்புத் தூண். ஜூன் முதல் பத்து நாள், ஒரு நாளைக்கு ஏழு யூனிட்: குட்டையான பச்சைத் தூண். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு, கோட்டின் மேல் தேதி: மே 31.

“நான் யாரையும் குத்தம் சொல்லல,” என்றார் சுப்ரமணியன், உருக்கமாக. “டேட்டா பேசட்டும். பதினோரு வருஷ டைரி. யார் வேணா வந்து செக் பண்ணலாம்.”

கைதட்டல் ஓயவில்லை. ஜீவிதா தசரதனின் முழங்கையைக் கிள்ளினாள். “எந்திரிங்க சார். இல்லன்னா நான் எந்திரிச்சுருவேன்.”

தசரதன் எழுந்தார். தொழில் தர்மத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்தார் என்று சொல்லலாம். மைக் கைக்கு வரவில்லை, கத்தித்தான் சொன்னார். மோட்டார், குழாய், குழி, சுண்ணாம்பு, எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா ஒரு யூனிட் கூடத் திருடவில்லை என்றார். மே இருபதாம் தேதியிலிருந்தே தலைவருக்கு இது தெரியும் என்றும் சொன்னார்.

கூடம் கடைசி வரை கேட்டது.

“கரெக்ட்,” என்றார் சுப்ரமணியன், மலர்ந்த முகத்தோடு. “ஒரு சென்சாரும் க்ளீன் பண்ணோம். மிஸ்டர் தசரதன் ரொம்ப தரோவான ஆளு. நம்ம ஆடிட்டருக்கு ஒரு பெரிய கைதட்டல்!”

தட்டினார்கள்.

வடை வரிசையில் முதலில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் தசரதனின் தோளைத் தொட்டார். “சார், எனக்கும் ஒரு ஆடிட் வேணும். எங்க வீட்டு பின்னாடி ஒரு ஃபேமிலி இருக்கு, நாலு வருஷமாச்சு, போக மாட்டேங்கறாங்க. எப்ப வர்றீங்க?”

“சார், நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு சார். அதான் கேக்கறேன். எத்தனை நாள்ல ரிப்போர்ட் வரும்?”

அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். ஏழு பேரும் பின் போர்ஷனில் குடி வைத்திருப்பவர்கள். ஜீவிதா வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினாள், தசரதனுக்காக நிற்கவில்லை.

தசரதன் ஏழு பேருக்கும் தேதி கொடுத்தார்.